கலங்குவோர் பலகை

கால்வாய் உறைந்த மாதங்களில்தான்
கர்த்தர் எங்கள் ஊருக்கு வருவார்.
மற்ற நாளில் அவருக்கு நேரமிருந்தாலும்
எங்களுக்கு இருக்காது.
மாவு மூட்டை கிழக்கே, துணிப் பொதி மேற்கே,
கோவேறு கழுதைச் சாணம் இரு கரையிலும்.

நான் மதகுக்காரன், ஓரின் டேகட்.
படகுக்காரன் கொம்பூதினால் எழுவேன்.
ஒரு கதவை நான் தள்ள,
எதிர்க்கதவை என் மனைவி மெஹித்தபேல் தள்ள,
எட்டடித் தண்ணீர் ஏறும்,
எட்டடித் தண்ணீர் இறங்கும்.
ஞாயிற்றுக்கிழமையும்தான்.

அந்த ஞாயிறுதான் என் பாவம் என்றார்கள்.

ஆயிரத்தெண்ணூற்று முப்பத்தொன்று, ஜனவரி.
போதகர் லெமுவேல் பிராட்
புருவமெல்லாம் பனியோடு
சறுக்குவண்டியிலிருந்து இறங்கினார்.
பதினேழு இரவுகள் கூட்டம்.
தையல்காரன் அழுதான். வக்கீல் அழுதார்.
சாராயம் காய்ச்சும் சைலஸ் அழுது முடித்து
பீப்பாய்களை உருட்டிப்போய்ப் பனியில் கவிழ்த்தான்;
ஊர்ப் பன்றிகள் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை.

ஆலயத்தின் முன்னால் நீளமாய் ஒரு பலகை.
ஆத்துமா கலங்கியவர்கள்
அதில் வந்து உட்கார வேண்டும்.
ஊரே பார்க்கும். பேர் சொல்லி ஜெபிக்கும்.
ஒன்பதாம் இரவு நான் போனேன்.
இனி ஓய்வுநாளில் மதகு திறக்கமாட்டேன் என்றேன்.
அல்லேலூயா என்று கூரை அதிர்ந்தது.
எனக்குள் ஏதோ ஒன்று
எட்டடி இறங்கியது.
பொய்யில்லை, இறங்கியது.

மறுநாள் மெஹித்தபேல் எழுந்தாள்.
நாலு பேர் கூடினால் வாய் திறக்காதவள்.
பலகையின் ஓரத்தில் உட்கார்ந்து
மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
போதகர் குனிந்தார்:
சகோதரி, உன்னை அழுத்தும் பாவம் எது?

இந்தப் பாவாடை, என்றாள்.

பின்னால் யாரோ சிரித்தார்கள்.
பகட்டைச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

பருத்தி, என்றாள்.
இதைப் பறித்தவளுக்கு யாரும் கூலி தரவில்லை.
பறித்தவளையே விற்றிருக்கிறார்கள்.
காலையில் தேநீரில் சர்க்கரை போட்டேன்,
அதுவும்.
பிள்ளைக்கு ஞானஸ்நானத்தன்று போட்ட வெள்ளைச் சட்டை,
அதுவும்.
இந்தப் பலகைமேல் விரித்திருக்கிறீர்களே...

முதல் வரிசையில் மூப்பர் செபதேயு கிராஸ்பி இருமினார்.
அருவிக்குக் கீழே உள்ள நெசவாலையில்
அவருக்கு நான்கு பங்கு.
ஆலயத்துக் கணப்படுப்பு அவருடைய காணிக்கை.
அன்றிரவு அது நன்றாகவே எரிந்தது.

இரட்சிப்பு வேறு, ராஜாங்கக் காரியம் வேறு
என்றார் போதகர்.
பிறகு அவசரமாய் ஒரு பாட்டு எண்ணைச் சொன்னார்.
எல்லோரும் பாடினோம்.
மாடியில், அவர்களுக்கென ஒதுக்கிய மூலையில்,
முடிவெட்டும் ஜூபிடர் வாண்டர்வீர் மட்டும்
பாடாமல் எழுந்து நின்றார்.
நான்கு வருஷம் முன்புவரை
ஒரு டச்சுக்காரன் பண்ணைக் கணக்கில்
மாட்டுக்கும் கலப்பைக்கும் நடுவே
அவருக்கும் ஒரு விலை எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன்:
என் மானத்தை வாங்கிவிட்டாய்!
அதையாவது
விலை கொடுத்து வாங்கினேனே, என்றாள்
முக்காட்டை அவிழ்த்தபடி.

ஏப்ரலில் பனி உடைந்தது.
மூன்று ஞாயிறு மதகைப் பூட்டி வைத்தேன்.
முப்பது படகு வரிசையில் நின்றது;
ஒருவன் என் ஜன்னலை உடைத்தான்;
கால்வாய் அதிகாரி கடிதம் அனுப்பினார்,
மரியாதையான கடிதம்.
நான்காம் ஞாயிறு திறந்தேன்.
போதகர் அப்போது வேறு ஊரில்
வேறு பலகைக்கு முன்னால் இருந்தார்.

ஜூலையிலும் மெஹித்தபேலுக்குக் கம்பளிப் பாவாடைதான்.
மேப்பிள் பாகு ஊற்றிய தேநீர் எனக்கும் பழகவில்லை,
பழகிவிட்டது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.
மாவுப் படகு வந்தால்
வியர்த்து வழிய அவள் கதவை அவள் தள்ளுகிறாள்.
துணிப் படகு வந்தால்
கையைக் கட்டிக்கொண்டு கரையில் நிற்கிறாள்.
நான் என் கதவைத் தள்ளிவிட்டு,
சுற்றிக்கொண்டு ஓடி,
அவள் கதவையும் தள்ளுகிறேன்.

வீட்டம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?
என்று கேட்கிறான் படகுக்காரன்.

வெயில், என்கிறேன்.